நெற்றிக்காசாகப் போன மாதிரி ரூபாய்

1991 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இரண்டு நாள் மழை விட்டுப் புழுக்கமான வெயில். வாலாஜாபாத் போய்த் திரும்பியவன், வழக்கம்போலத் தகரப் பெட்டியைத் திறந்து பழங்காசுகளை எண்ணினேன். முப்பத்தொன்பது இருக்க வேண்டும். மறுபடி எண்ணியும் முப்பத்தெட்டுதான்.

காணாமல் போனது மாதிரி ரூபாய். கம்பெனி ஆட்சி 1835-இல்தான் நாடு முழுக்க ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மாகாணத்துக்கு ஒரு ரூபாய். புது ரூபாய்க்கு எந்த உருவம் பொருந்தும் என்று பார்க்க நாணயச் சாலையில் ஒன்றிரண்டு அடித்துப் பார்த்தார்கள். பிடிக்காததை ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்கிய ஒன்று வெள்ளிக்கடைத் தட்டில் எடைக்குக் கிடந்து என்னிடம் வந்திருந்தது.

மனைவியிடம் கத்தினேன்.

“நீங்க பஸ் ஏறினதும் எதிர் வூட்டுப் பெரியவரு போய்ட்டாரு. நெத்தியில வைக்க வெள்ளிக்காசு கேட்டாங்க, குடுத்தேன்.”

“முப்பத்தெட்டு இருக்க, அதையா குடுப்ப?”

“அதான் அழுக்கா இருந்துச்சு. போற ஆளுக்குப் பளபளப்பு எதுக்கு?”

பாடை போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நெற்றிக்காசு, சுடுகாட்டில் வேலை பார்ப்பவருக்கு உரியது. அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அதைவிட, அவர் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டால்? உருவம் மழுங்கிப் போகும். இன்று தொழிற்சாலை மதில் நிற்கும் ஏரிக்கரையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்துச் சுடுகாடு போய்ச் சேர்ந்தேன்.

ஊரார் குளிக்கப் போயிருந்தார்கள். அவர் மட்டும் சிதையருகே குந்தியிருந்தார். என் வயதுதான் இருக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“உன்துதானா சார்?” என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். “ராணி தலை, தாடி ராஜா, மொட்ட ராஜா, எல்லாம் இந்தக் கைல வந்துகீது. இது வந்ததே இல்ல. அதான் தேய்க்காம வெச்சிக்கினேன்.”

கருவூலத்தில் முப்பத்திரண்டு ஆண்டு காசு எண்ணிய எனக்கு, இதைத் தெரிந்துகொள்ள மூன்று புத்தகங்கள் தேவைப்பட்டன.

ஐந்நூறு தருகிறேன் என்றேன்.

“பொணத்துக் காச வித்தா வெளங்குமா? பதில் காசு வெச்சிட்டு எடுத்துக்கோ. கைல குடுக்காத, பாடைல வெய்யி.”

சட்டைப்பையில் ஒற்றை ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. ஓரமாகப் போட்டிருந்த மூங்கில் பாடைமேல் குனிந்து வைத்தேன். அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் காசை என் உள்ளங்கையில் வைத்தார். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

“வேற ஒண்ணும் வேணாமாப்பா?”

“ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி. இங்க இவ்ளோ நெருப்பு கீது, ஆனா இதுல பத்த வெக்கக் கூடாதே!”

மனைவியை அதன்பின் நான் திட்டவில்லை. அந்த மனிதருக்கு அன்று சொல்லாத நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன். பதில் காசு ஒரு ரூபாய், பீடி இரண்டு ரூபாய், தீப்பெட்டி ஐம்பது காசு. ஆக மொத்தம் மூன்று ரூபாய் ஐம்பது காசு.