கசந்தால் சொல்லுங்கள்

இரசாயனப் பொறியியல் படித்துவிட்டு, ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் பணியாளர் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தேன். தீயணைப்பான்கள் எப்போது காலாவதியாகின்றன, ஈரத் தரையில் யார் வழுக்கி விழுந்தார்கள், கையுறை எத்தனை பெட்டி மீதம் என்று பட்டியல் போடுவதுதான் வேலை. என் பட்டியல்களை யாரும் படிப்பதில்லை என்ற சிறு வருத்தம் எனக்கு இருந்தது. கோவிட் வந்ததும் எல்லாரும் படிக்க ஆரம்பித்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கோவிட் வார்டுக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் முகக்கவசம் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று நான் சோதிக்க வேண்டும். கவசத்தை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார்கள். தலைமேல் ஒரு பெரிய வெள்ளை உறையைக் கவிழ்ப்பேன். அதன் முன்பக்கம் பிளாஸ்டிக் சன்னல், அதில் ஒரு சின்னத் துளை. ரப்பர் பந்தை அமுக்கி, அந்தத் துளை வழியாகக் கசப்பு நீரைப் புகைபோல அடிப்பேன். அவர்கள் தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், கொஞ்ச நேரம் ஏதாவது பேச வேண்டும். வாயில் கசப்பு தெரிந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். அந்தக் கவசம் உதவாது. நாக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கவசம் போடும் முன்பே ஒருமுறை அடித்துக் காட்டிவிடுவேன். ஆபத்தில்லாத நீர்தான். ஆனால் பாகற்காயைப் பிழிந்து குடித்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் காலை, கட்டில் தள்ளும் ஆண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேருக்கும் கசந்தது. கவசத்தைச் சரிசெய்து மாட்டினேன், அப்போதும் கசந்தது. கடைசியாக உட்கார்ந்த அண்ணனுக்கு வட்ட முகம். மூச்சு இழுக்கும்போது கவசம் உள்ளே ஒட்டுவதும் விடும்போது உப்புவதும் எனக்கே தெரிந்தது. அவ்வளவு கச்சிதம்.

"கசக்குதா அண்ணே?"

"கசக்குது மிஸ். ரொம்பக் கசக்குது."

"நான் இன்னும் அமுக்கவே இல்லையே."

வெள்ளை உறை மெதுவாக என் பக்கம் திரும்பியது. பிறகு, "அப்போ கொஞ்சமாத்தான் கசக்குது" என்றார்.

உறையை எடுத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். அவர் தயங்காமல் சுவரைக் காட்டினார். அங்கே போன வாரம் நான் ஒட்டிய அறிவிப்பு. எண் 4 போட்ட வரி: ருசி தெரியாமல் போவது கோவிட் அறிகுறி, உடனே தெரிவிக்கவும்.

"ருசி தெரியலன்னு சொன்னா நீங்க என்னைய தனியா கொண்டுபோய் அடைச்சிருவீங்கல்ல? நாங்க எல்லாரும் வெளியிலயே பேசி வச்சிட்டோம்."

"கவசம் போடாம அடிச்சப்போ கசந்துச்சுல்ல? நாக்குல ஒண்ணும் இல்லன்னு அப்பவே தெரிஞ்சுதே."

"அது கால் மணி நேரத்துக்கு முன்ன மிஸ். அதுக்குள்ள புடிச்சிருச்சோன்னு பயம் லா!"

மதியமே எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் விளக்கம் அனுப்பினேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும். "பரிசோதனையில் கசப்பு தெரிந்தால் தோல்வி. தோல்வியடைந்தவர் வார்டுக்குள் அனுமதிக்கப்படமாட்டார்." இரண்டே வரி. இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் துப்புரவுப் பணிப்பெண்கள் ஒன்பது பேர் வந்தார்கள். முதல் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி கவசம், முதல் தடவையே, துளியும் கசக்கவில்லை. என் பட்டியலில் எட்டு சரிக்குறிகள் வரிசையாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்லவே.

ஒன்பதாவதாக அவர்களின் மேற்பார்வையாளர் அக்கா உட்கார்ந்தார். பெக்கான் நானாஸிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வருபவர். வாரத்தில் மூன்று நாள் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் அவருடைய வேலை நேரத்தை மாற்றி எழுதியது நான்தான். எண்ணெய் தடவி முடிந்த பெரிய கொண்டை. கவசத்தின் மேல்பட்டை அந்த எண்ணெயில் வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மூக்கோரம் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அதைச் சரிசெய்யச் சொன்னேன். மீண்டும் வழுக்கியது.

பேசும் கட்டம் வந்தபோது அக்கா நெத்திலிச் சம்பல் செய்யும் விதம் சொன்னார். நான் பந்தை அமுக்கினேன். வெங்காயம் வரைக்கும் வந்த குரல் கரகரத்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்து குடித்த குழந்தைபோல நெற்றி சுருங்கி, கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"அக்கா, கசக்குதா?"

"இல்லையே. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

"அப்புறம் கண்ணுல என்ன?"

"வெங்காயம் அரிஞ்சேன்ல."

வரிசையில் நின்ற எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உறையை எடுத்தேன்.

"உங்களுக்குக் கோவிட் புடிச்சா வீட்டுல அண்ணனுக்கும் புடிக்கும். அவர் உடம்பு தாங்குமா? தெரிஞ்சேதான் பொய் சொல்றீங்களா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் மிஸ். அத நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. ஆனா தோத்தா உள்ள விட மாட்டோம்னு போட்டீங்க. நான் வெளிய நின்னா, என்கூட ஜோடியா போறவ ரெண்டு பேரு வேலைய ஒத்தையில பாக்கணும். இவளுங்களும் அதே கணக்குதான். ஒருத்திய விட்டுட்டு ஒருத்தி எப்புடி நிப்பா?"

"தோத்தது நீங்க இல்ல அக்கா, மாஸ்க். ஒத்து வரலன்னா வேற போட்டுப் பாக்கலாம். ஸ்டோர்ல அஞ்சு மாதிரி இருக்கு."

"அஞ்சா?"

"அஞ்சு."

"அலமாக்! அத மொதல்ல போட வேண்டியதுதானே!"

ஐந்து மாதிரிகளும் என் இருப்புப் பட்டியலில் இருந்தன. அறிவிப்பில் இல்லை.

அக்கா எழுந்து, நாற்காலியைக் கையால் தட்டினார். "உங்க பேரு அந்த லிஸ்ட்ல எங்க இருக்கு?"

தேடினேன். இல்லை. வேறொரு மாதிரிக் கவசத்தில் எப்போதோ சோதித்துக்கொண்டது. அது தீர்ந்து புதியது வந்த பிறகு, பட்டியல் போட்டவள் தன்னையே விட்டுவிட்டாள். காற்றோட்டத்தை அளக்க அந்தப் புதிய கவசத்தோடுதான் வார்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தேன்.

"உக்காருங்க" என்றார் அக்கா.

எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் ஈவிரக்கமில்லாமல் அமுக்கினார். பேச வேண்டிய கட்டத்தில் வேறெதுவும் தோன்றாமல் என் மதிய அறிவிப்பையே வாசித்தேன். "பரிசோதனையில் கசப்பு தெரிந்தால்" என்று ஆரம்பித்து, "தோல்வி" என்ற இடத்துக்கு வரும்போது நாக்கின் அடிவரை கசந்தது.

"கசக்குது" என்றேன்.

"மிஸ் ஃபெயிலு!" என்று யாரோ கத்தினார்கள். வராந்தாவில் போன தாதியர்கூட நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ஒன்பது பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை கசந்தவர்கள் ஏதோ பரிசு விழுந்த மாதிரி கையைத் தூக்கினார்கள். அக்கா கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொண்டார். எண்ணெயைத் துடைத்த பிறகு பட்டை உச்சந்தலையில் நின்றது. முதல் கவசம் கசந்தது. இரண்டாவதும் கசந்தது. மூன்றாவது, படகுபோல மடிந்து விரிவது. நெத்திலி, மிளகாய், வெங்காயம், புளி, எல்லாம் வதங்கி எண்ணெய் பிரியும்வரை சம்பல் சொல்லி முடித்தார். முகம் சுருங்கவே இல்லை.

"நெஜமா அமுக்குறீங்களா?"

"கை வலிக்குது அக்கா."

ஒரே ஒருவருக்கு மட்டும் ஐந்தும் பொருந்தவில்லை. புதுப் பெட்டி வரும்வரை அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றி, அங்கிருந்து பொருந்திய ஒருவரை அழைத்துக்கொண்டோம். யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கட்டில் தள்ளுபவர்களையும் மறுபடி கூப்பிட்டேன். வட்ட முக அண்ணனுக்கு அதே கவசம், ஒரு துளியும் கசக்கவில்லை. அவர்தான் கொஞ்சம் கலங்கிப்போய் இரண்டு மிட்டாயைத் தின்று ருசி பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது அறிவிப்பை அக்காவோடு உட்கார்ந்து எழுதினேன். "கசந்தால் சொல்லுங்கள். வேறு கவசம் தருகிறோம்."

"தருகிறோம்னா எப்போ? அடுத்த மாசமா? அன்னைக்கே தருவோம்னு போடுங்க. அப்பதான் சொல்லுவாங்க."

சேர்த்தேன். அக்கா ஒருமுறை படித்துப் பார்த்து, "இவ்ளோதானா? நம்பர் எல்லாம் போடலயா?" என்று கேட்டார். மனம் கேட்காமல் முன்னால் ஒரு "1" போட்டேன். அதை அவரே குரல் பதிவாகப் பேசி, எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். அதைக் கேட்காதவர்கள் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அலை ஓயும்வரை அக்கா வார்டுக்குள் போய்வந்தார். அவர் கணவரும் வாரம் மூன்று நாள், ஒன்றுகூடத் தவறாமல், டயாலிசிஸுக்குப் போய்வந்தார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த அன்னாசி பழுத்ததும், உப்பும் மிளகாயும் தூவிய துண்டுகள் ஒரு பெட்டியில் எனக்கு வந்தன. டெஸ்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது என் பட்டியலில் இருப்பதால், அன்றைய சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே அக்கா பெட்டியைத் திறந்தார். வெளி வராந்தாவில் ஆளுக்கொரு தூணோரம் நின்று சாப்பிட்டோம்.

"எங்க வீட்டுக்காரர் ஒண்ணு கேக்கச் சொன்னாரு" என்றார் தன் தூணிலிருந்து. "மிஸ்ஸோட மாஸ்க் இப்போ பாஸான்னு."

"நாலாவதுல பாஸ்னு சொல்லுங்க" என்றேன். "லிஸ்ட்ல பேரும் ஏறிடுச்சு."