நான் சொன்ன விலை

சமையலறை ஜன்னலிலிருந்து நைலான் கயிற்றில் இறங்கும் ஒரு நீலப் பைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. செம்பூர் திலக் நகரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. முழங்கால் இரண்டும் தேய்ந்தபின் என் அக்கா படியிறங்குவதையே விட்டுவிட்டாள். காய்கறிக்காரர் கீழே நின்று பையை நிரப்புவார், அவள் மேலே இழுத்துக்கொள்வாள். அந்த வீட்டை விற்றுவிட்டு, நெருளில் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் வீடு வாங்கலாம் என்று முடிவுசெய்தவர் அவள் கணவர், என் அத்திம்பேர். குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு சட்டை வாங்குவதற்கும் நாலு பேரைக் கேட்கிற சுபாவம்.

என்ன விலை சொல்வது என்பதை என்னிடம் கேட்டார். நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தேன். எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். தாராவியிலிருந்து வந்த தரகர், திருநெல்வேலிக்காரர், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே கால் கோடி என்றார். “மொத ரெண்டு வாரத்துல வாறவங்கதான் சார் வாங்குதவங்க. ரொம்ப நாள் கெடந்தா, வீட்டுல ஏதோ கொறன்னு நெனச்சிருவாவ.” அவர் போனதும் நான் சொன்னேன்: “ஒண்ணரை போடுங்கோ அத்திம்பேர். கேக்கறவா எப்படியும் குறைச்சுத்தான் கேப்பா. அப்பறம் இறங்கலாம், ஏற முடியாது.” அவர் தலையாட்டினார்.

முதல் வாரமே ஓர் இளம் தம்பதி வந்தார்கள். ஒன்று இருபது தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் நெருள் வீடு முடிந்திருக்கும். அக்கா, “குடுத்துடலாமே. அந்தப் பொண்ணு அடுப்படியை எவ்வளவு ஆசையாப் பாத்தா” என்றாள். அத்திம்பேர் என் முகத்தைப் பார்த்தார். “முதல்ல வந்தவாளே இவ்வளவு தரான்னா இன்னும் வருவா. பொறுங்கோ” என்றேன். அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் வந்தவர்கள் குறைந்தார்கள். ஐந்து லட்சம் குறைத்தோம், இன்னும் ஐந்து குறைத்தோம். ஒவ்வொரு முறையும் நாலு பேர் வந்து, சுவரைத் தட்டி, கூரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, இத்தனை மாதமாக வீடு ஏன் விலைபோகவில்லை என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனார்கள். வருகிறவர்களுக்காக அக்கா புடவை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பிறகு அதையும் நிறுத்தினாள். உள்ளறையில் படுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்ட்ரெச்சர் அந்தப் படிகளில் திரும்பாது என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். நான் பின்னால் போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். “மெதுவாடி, பயமா இருக்கு” என்றாள் என்னிடம். விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு அவள் தெருவுக்கு இறங்கியது அப்படித்தான். திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்தபின் தரகர் தயங்கித் தயங்கி விலையைக் கேட்டார். “வரவா என்ன சொல்றாளோ அதான்” என்றார் அத்திம்பேர். அந்தத் தம்பதி சொன்னதைவிடப் பத்து லட்சம் குறைவாகப் போயிற்று. அவர் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது நெருளில் ஏழாவது மாடியில், ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். வங்கியில் யாராவது என்னிடம் விலை விசாரித்தால் தெரியாது என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனால் காபி போட்டுத் தருவார், அக்காவைப் பற்றிப் பேச மாட்டார். கிளம்பும்போது கூடவே லிஃப்டில் கீழே வருவார். அந்த ஏழு மாடியும் நான் காத்திருப்பேன், ‘நீதானே சொன்னே’ என்று ஒரு தடவையாவது கேட்டுவிட மாட்டாரா என்று. கதவு திறந்ததும், “பாத்துப் போ, கூட்டமா இருக்கும்” என்கிறார்.