என் கட்டிலுக்கடியில் ஓவசியரின் வாள்

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே ஒருவர் கத்திவிட்டுப் போனார். "மாஸ்டர், மீராலெவ்வை ஓவசியர் மவுத்து! பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறாங்க." என் வாய் "இன்னாலில்லாஹி" என்றது. மனமோ நேரே என் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. அவரிடம் இரவல் வாங்கிய, மரம் அறுக்கும் வாள் அங்கே கிடந்தது.

ஒரு நண்பன் இறந்த செய்தி கேட்டவனுக்கு முதலில் இதுவா நினைவு வரும் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் பன்னீர் வாசனையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன கிழமை வாசிகசாலையில் அவருக்காக ஒரு கூட்டம் வைத்தோம். பாலத்துக்கும் மதகுக்கும் அளவு பார்க்கும் ஓவசியர் வேலையில் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்று இருவர் பேசினார்கள். அது உண்மை. மூன்றாமவர் எழுந்து, "வீட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்த மர்ஹூம் அவர்கள், கேட்டவருக்கு இல்லை என்னாத வள்ளல்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம். மீராலெவ்வை ஓவசியர் கேட்டவர் எல்லாருக்கும் இல்லை என்றுதான் சொன்னார். நாம் சாமானைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டுதான் நின்றார். அப்படிப் பேசிய மனிதரின் வீட்டில் ஓவசியரின், துளைபோடும் துறப்பணம் ஒன்று இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும்.

எனக்கும் ஓவசியருக்கும் ஒரே வயது. பழக்கம் ஏற்பட்டது ஆறு வருஷத்துக்கு முன். கல்லோயாப் பக்கம் காடு வெட்டத் தொடங்கி, நல்ல முதிரை மரமும் பாலை மரமும் லொறி லொறியாகக் கடற்கரைக்கு வந்த நாட்கள் அவை. எனக்கும் தச்சு ஆசை பிடித்தது. கொழும்புக்குப் போனவர் ஒருவரிடம் சொல்லி ஒரு பெட்டி நிறையத் தச்சு ஆயுதங்கள் எடுப்பித்தேன். பெருமையாக ஓவசியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெட்டியைக் கிளறிவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல எத்தின சாமான்ட பேர் உங்களுக்குத் தெரியும் மாஸ்டர்?"

"பாதிக்குத் தெரியும்."

"தெரியாத பாதியத் திருப்பி அனுப்புங்க. தீட்டுற கல் எங்க?"

கல் வாங்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "சோறு இல்லாம ஆணம் காச்சியிரிக்கீங்க" என்றார். பிறகு என் கணக்குக் கொப்பியிலேயே எழுதித் தந்தார்: ஒரு தீட்டுக்கல், ஒரு வாள், இழைக்க ஒரு சீவுளி, அகலம் ஒன்றும் ஒடுக்கம் ஒன்றுமாக இரண்டு உளி, ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம். "இதுக்கு மேல ஒண்டு வேணும் எண்டா, அது இல்லாம மூணு தரம் கஷ்டப்பட்டிரிக்கணும். அதுக்குப் பொறகு வாங்குங்க."

வேலைமேசையைப் பள்ளிக்கூட மேசை உயரத்துக்குச் செய்து, இரண்டே நாளில் நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் படுத்தேன். நலம் விசாரிக்க வந்த ஓவசியர் நலத்தை விசாரிக்கவில்லை. என்னை எழுப்பி, கையைத் தொங்கப் போட்டு நிற்கச் சொன்னார். "மணிக்கட்டு எங்க நிக்கிதோ, அங்கதான் மேச நிக்கணும்" என்று சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். பிறகு மேசையை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது நகர்ந்தது. "இது மேசையா, ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டு, கால்களுக்கு நடுவே ஒரு தட்டு அடித்து அதில் மண்மூட்டை ஏற்றச் சொன்னார். கடல் மண் கூடாது, ஆற்று மண்தான். கடல் மண்ணில் உப்பு இருக்கிறது.

உப்பு அவருக்கு ஜென்ம விரோதி. கல்முனைக் காற்றில் இரும்பு ஒரு கிழமை தாங்காது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் பட்டறையின் முதுகு கடலுக்கு, வாசல் மேற்குக்கு. பொழுதுபட்டு மஃரிபு தொழப் போகுமுன் ஒவ்வொரு ஆயுதத்தையும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் தடவி வைப்பார். நான் மலிவாக இருக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் பூசினேன். பத்து நாளில் அது பிசின்போல இறுகி, மரத்தூள் எல்லாம் ஒட்டிக்கொண்டது. உளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "பொரிச்சு வெச்சிரிக்கீங்க மாஸ்டர்" என்றார். துருவைக் கண்டால் அவர் முகம், சோற்றில் தலைமயிரைக் கண்டவர் முகமாகிவிடும்.

கல்சுவரில் ஆயுதத்தை நேரே மாட்டினால் சுவரின் ஈரம் ஏறும் என்பதற்காக, மூன்றடி நீளப் பலகைகளை வரிசையாகச் சுவரில் அறைந்திருந்தார். அதில்தான் ஆணி, அதில்தான் ஆயுதம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருந்தார். வாளுக்கு வாளின் உருவம், உளிக்கு உளியின் உருவம். எது இல்லை என்று வாசலில் நின்றே தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு. கடைசி வருஷத்தில் அந்தப் பலகைகளில் ஆயுதத்தைவிட வெறும் உருவங்களே அதிகம்.

"மிஸ்வாக்கும் வாளும் இரவலுக்கில்ல" என்று பல் துலக்கும் குச்சியோடு வாளையும் சேர்த்துச் சொல்வார். நாம் கேட்போமா? "அல்லாட பேருல, ஒரே ஒரு நாள் ஓவசியர்" என்போம். அல்லாஹ்வின் பெயரைச் சொன்னால் அவருக்குக் கை தளர்ந்துவிடும். அந்தப் பெயரை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்தினோம்! அவருடைய உளியால் பெயின்ட் டின் திறந்தவர் உண்டு. ஆணி பிடுங்காத பழங்கதவில் அவருடைய சீவுளியை ஓட்டி வாயைப் பல்லுப்பல்லாக்கித் திருப்பிக் கொடுத்தவர் உண்டு. மூலைமட்டத்தால் நண்டு உடைத்தவரும் உண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் சைக்கிளில் வீடு வீடாக வந்து, தன் சாமானைத் தானே இரந்து கேட்டுத் திரிந்ததை நீங்கள் எல்லாரும் கண்டீர்கள். "ஓவசியர் வாறார்" என்று உள்ளே ஓடியவர்களும் நீங்கள்தான், நாங்கள்தான்.

அவர் யாரும் கேட்காமல் கொடுத்தது ஒன்றுதான். மையித்தை அடக்கும் நம் மையவாடி மணல் நிலம். குழியின் பக்கங்கள் நிற்காமல் சரியும். மையித்தை வைத்து மேலே அடுக்கும் பலகை நல்ல பலகையாக இருக்கவேண்டும். அதற்காக எட்டுப் பலகைகளை மூன்றடிக்கு அறுத்து, எப்போதும் பட்டறைக் கூரை முகட்டில் தயாராக வைத்திருப்பார். தெருவில் ஜனாஸா விழுந்தால் இறக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே புதிதாக எட்டு அறுத்து ஏற்றிவிடுவார். அதற்கான மரத்தை இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, ஒரு மாரியும் ஒரு கோடையும் காயவிட்ட பிறகே தொடுவார். "பச்ச மரம் வளையும். உசிரோட இரிக்கிறவன் வளைஞ்ச கதவச் சகிப்பான். மையித்து எழும்பி வந்து முறைப்பாடு சொல்லுமா?" என்பார்.

அவர் இறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜனாஸாவுக்கு அந்த எட்டுப் பலகையும் போய்விட்டன. திங்கட்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"மாஸ்டர், வாளத் தாங்க. பலகை அறுக்கணும்."

என் வாள் மழுங்கிப்போய், அவருடையதை இரவல் வாங்கித் தொடங்கிய கோழிக்கூடு பாதியில் நின்றது. "நாளைக்கு நானே கொண்டுவாறன் ஓவசியர்" என்றேன்.

"நாளைக்கு எண்டா நாளைக்கு" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. கோழிக்கூடும் முடியவில்லை. புதன்கிழமை அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

நான் மவுத்து வீட்டுக்குப் போனபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. பட்டறைக்குள் அவருடைய மச்சினன் கச்சிமுகம்மது நின்றார். முகட்டிலிருந்து இறக்கிய பலகைகள் காலடியில் கிடந்தன. பன்னிரண்டடி நீளம், நன்றாகக் காய்ந்த பாலை, ஒன்றும் அறுக்கப்படவில்லை. "ஆருக்கிட்டயாவது வாள் இரிக்கா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

என் வீடு மூன்று வளவு தள்ளி. ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். எடுத்து வந்தால் இத்தனை நாளும் வைத்திருந்தவன் நான்தான் என்று நாற்பது பேர் முன்னால் தெரிந்துவிடும். வேறு யாராவது முதலில் போகட்டும், பிறகு நானும் போகலாம் என்று நின்றேன். அவருடைய வேறு வாள்கள் இரண்டு யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அந்த இருவரும் அங்கே நின்றார்கள். ஒருவர் நிலத்தைப் பார்த்தார். மற்றவர் தொப்பியைச் சரிசெய்தார். ச்சீ! மூன்று கிழட்டு ஆம்பிளைகள்!

கச்சிமுகம்மது கோடரியை எடுத்தார். காய்ந்த பாலை குறுக்கே வெட்டுப்படவில்லை, நெடுக்கே பிளந்தது. இரண்டு பலகைகள் விறகாயின. "அஸர் நெருங்கிட்டு" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். மூன்றடிப் பலகைகள் சுவரில்தான் இருந்தன. மிச்சமிருந்த இரண்டு மூன்று ஆயுதங்களைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கடப்பாரையால் நெம்பி எட்டையும் பிடுங்கினார்.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் கச்சிமுகம்மது எழுந்து, "மவுத்தானவர் ஆர்ட சாமானாவது திருப்பிக் குடுக்காம வெச்சிருந்தா சொல்லுங்க, நாங்க பொறுப்பு" என்றார். வழமையான கேள்விதான். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று எல்லாரும் பெருந்தன்மையாகச் சொன்னோம். நானும் சொன்னேன்.

மையவாடியில் குழியருகே நின்று பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தது நான். முதலாவதில் இரண்டு உளியின் உருவம். அடுத்ததில் துறப்பணம். நாலாவது பலகை கைக்கு வந்தது. முழு நீளத்துக்கும் ஒரு வாளின் உருவம், கறுப்புக் கோட்டில், என் கட்டிலுக்கடியில் கிடந்த வாளின் பிடியில் இருந்த உடைசல்கூடத் தெரிய. அதை அவர் நெஞ்சுக்கு நேரே வைத்தார்கள். மேலே மணல் விழுந்தது.

பத்தாம் நாள் வாளை எடுத்துத் துருவைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் பூசிக்கொண்டு கச்சிமுகம்மதுவிடம் போனேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டறைக்குள் கூட்டிப்போய் வெறும் சுவரைக் காட்டினார். "எங்க மாட்டுறது மாஸ்டர்?" என்று கேட்டார். வாளோடு, மிச்சம் கிடந்த பாலைப் பலகைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: ஒரு வாள், அதை மாட்ட உலகத்தில் இடமில்லை. அந்த வாளால் எட்டுப் பலகை அறுத்து என் வீட்டு முகட்டில் ஏற்றியிருக்கிறேன். அடுத்த ஜனாஸா யாருடையதோ, எனக்குத் தெரியாது. பலகைக்கு எந்த நேரமும் வாருங்கள். வாள் கேட்டு வராதீர்கள்.