சிவப்பு பல்பும் இருட்டு பிளேட்டும்

1. முளைக்கக் கூடாதது

ஆராய்ச்சி மாணவி ஜெனிஃபர் என் மேசையில் வைத்த, இருட்டில் இருந்த பிளேட்டில் அதிகம் போனால் நாலைந்து காலனிகள், அதாவது புள்ளி புள்ளியான ஈஸ்ட் கூட்டங்கள், இருந்திருக்க வேண்டும். எண்ண முடியாத அளவுக்கு ஈஸ்ட் முளைத்திருந்தது. தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் லேப் சூப்பிரண்டாக எத்தனையோ வருடம் இருந்தவன் நான். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

விஷயம் எளிது. யூ.வி. வெளிச்சம் பட்டால் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது நிறைய ஆனால் செல் சாகும். ஈஸ்டிடம் ஃபோட்டோலயேஸ் என்றொரு என்சைம் இருக்கிறது. ஒட்டிய இடத்தை அது இருட்டிலேயே தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நீல வெளிச்சம் வந்தால்தான் வேலை செய்யும். வெளிச்சத்தின் சக்தியில் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஒட்டைப் பிரித்துவிடும். ஆகவே நீல வெளிச்சத்தில் வைத்த பிளேட் பிழைக்கும், இருட்டில் வைத்தது சாகும். இங்கே இரண்டும் பிழைத்திருந்தன. அதுவும் இரண்டாவது தடவையாக.

துறைத்தலைவர் பிளேட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“லேபிள மாத்தி ஒட்டிட்டு என்கிட்ட கதை விடாதம்மா. வெள்ளிக்கிழமை கமிட்டி. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா ப்ராஜெக்ட்ல உன் பேர் இருக்காது.”

அவர் போனதும் அவள் என்னிடம் திரும்பினாள். “ஊரப்பாக்கத்துலேருந்து ஆறு மணி ட்ரெய்னப் புடிச்சு, நின்னுகிட்டே வர்றேன் சார். லேபிள் மாத்தவா வருவேன்?”

“செயல்முறைத் தாள்படி செஞ்சியா?”

“வரிக்கு வரி சார்.”

அந்தத் தாளை எழுதியவன் நான். அதில் தவறு இருக்க முடியாது என்பதால் தவறு அவளிடம்தான் என்று முடிவு கட்டினேன்.

2. திரைக்குப் பின்னால்

எங்கள் இருட்டறைக்கு ஜன்னல் இல்லை. உள்ளே ஒரு சிவப்பு பல்பு. சிவப்பு வெளிச்சத்தில் அந்த என்சைம் அசையாது. ஸ்விட்ச் வெளியே. பிளேட் உள்ளே இருக்கும்வரை பல்பு எரிய வேண்டும், அறை காலி என்று நினைத்து யாரும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. கதவைத் தட்டக் கூடாது. ஸ்விட்சை ஒரு தடவை அணைத்து, மறுபடி போட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பிளேட்டை மூடிவிட்டுக் குரல் கொடுப்பார். அலுமினிய ஃபாயிலில் சுற்றினால் பிளேட்டில் நீர் கோர்க்கும், ஆகவே வேண்டாம். எல்லாம் என் விதிகள்.

மூன்றாவது சோதனை நாளன்று, அவள் யூ.வி. காட்டிய பிளேட்டுகளை உள்ளே வைத்துவிட்டு வெளியே போனாள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய கட்டம் அது. என்னிடமிருந்த சாவியால் திறந்து, கறுப்புத் திரையை விலக்கி, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நடுவில் வந்து பிளேட்டில் கை வைக்கிறாளா என்று பார்க்கத்தான். வயதுக்கேற்ற வேலை.

நேரமானதும் அவள் வந்தாள். விதிப்படி ஸ்விட்சை அணைத்துப் போட்டாள்.

அறை முழுக்க நீலமானது.

என் கைகள், ஸ்டூல், பிளேட்டுகள் எல்லாம் நீலம்.

“ஐயையோ!” என்று கத்தினேன்.

“யாரு? சாரா? உள்ள என்ன சார் பண்றீங்க?” திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். “என்ன சார் இது, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு?”

“மறுபடி ஸ்விட்ச அணைச்சுப் போடு.”

சிவப்பு.

“இன்னொரு தடவை.”

நீலம்.

பழைய பல்பு ஃபியூஸ் போனதால், முந்தின மாதம் மேற்குத் தாம்பரத்தில் நான் வாங்கி வந்தது அது. “பழைய செகப்பு ஜீரோ வாட்லாம் இப்ப வர்றதில்ல சார். இது எல்இடி, பாருங்க” என்று கடைக்காரர் எரியவிட்டுக் காட்டினார். சிவப்பாக எரிந்தது. அட்டைப் பெட்டியில் ‘டூ இன் ஒன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது: அணைத்துப் போடும்போதெல்லாம் நிறம் மாறும் ரகம். பெட்டியைப் படிக்காமல் எதையும் பிரிக்காதே என்று முப்பது பேரைத் திட்டியவன் நான்.

“ஆனா சார், நான் வரும்போது எப்பவும் செகப்பாத்தானே இருந்துச்சு?” என்றாள்.

அதற்கும் பதில் என்னிடமே இருந்தது. சோதனை நாட்களில், அவள் காத்திருக்கும் நேரத்தில், பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போய், இடத்தில் இருக்கிறாளா என்று ஸ்விட்சை ஒரு தடவை அணைத்துப் போடுவேன். குரல் வராது. ‘ஊர் சுற்றப் போயிருக்கிறாள்’ என்று மனதில் குறித்துக்கொண்டு நகர்வேன். பின்னால் அறை நீலத்தில் குளிக்கும். ஈஸ்ட் நிம்மதியாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அவள் வந்து தன் பங்குக்கு ஒரு தடவை அணைத்துப் போட்டதும் சிவப்பு திரும்பிவிடும். அன்று நான் உள்ளேயே உட்கார்ந்துவிட்டதால் என் பங்கு நடக்கவில்லை.

3. காலி பிளேட்

துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுத்தேன். பல்பு வாங்கியது நான், விதி எழுதியது நான், ஸ்விட்சைத் தட்டியது நான்.

“நீங்களா சார்?” என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிளேட்டுகளை ஃபாயிலில் சுற்றி, பல்பைக் கழற்றிவிட்டு அவள் மறுபடி செய்தாள். வெள்ளி காலை ஓடி வந்தாள். “சார், பாருங்க! ஒண்ணுமே முளைக்கல!” ஒன்றும் முளைக்காததற்கு ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கமிட்டியில் துறைத்தலைவர், “சரி, கன்டினியூ பண்ணும்மா” என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

நான் அவளிடம் முறையாகவே மன்னிப்பு கேட்டேன்.

“பரவால்ல சார்” என்றாள். “இனிமே கதவத் தட்டுங்க. நான் இருந்தா பதில் சொல்றேன். இல்லன்னா டீ குடிக்கப் போயிருக்கேன்னு நம்புங்க.”

செயல்முறைத் தாளில் அதைச் சேர்த்தேன். கதவைத் தட்டச் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும்.