புரியுது சார்

'புரியுதா?' என்று நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. கேட்டால் 'புரியுது சார்' என்றுதான் பதில் வரும். புரியாத பிள்ளை தப்பித்துக்கொள்ளச் சொல்வது அது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரியலூரில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வீட்டுக்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கணக்கை நான் போட்டுக் காட்டுவேன். அடுத்ததை அவள் எனக்கு நடத்த வேண்டும். நான் மாணவனாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பேன். முதலில் திணறியவள், போகப்போக "அவசரப்படாதீங்க சார், சொல்றேன்ல" என்று என்னையே அதட்டினாள்.

அதைக் கேட்டுவிட்டு அவள் அப்பா உள்ளே வந்தார். "ஒங்க சத்தமே வெளியில கேக்கலையே. எம் பொண்ணே நடத்துறதுக்கு நீங்க எதுக்கு? நாளைலேருந்து வர வேணாங்க."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. அந்த மனிதருக்கு இரைச்சல்தான் பாடம். அடுத்து வந்த வாத்தியாரின் குரல் சிமெண்ட் லாரிச் சத்தத்தையும் மீறித் தெருமுனை வரை கேட்டது.

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு நின்றிருந்தாள். "கணக்கு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புரியுது சார்."