பதினொரு மாதம் கேரட்

என் நாத்தனார் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறவள். தைத்து வரும் சட்டையை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து, விட்டுப்போன தையல், தொங்கும் நூல், கோணல் பட்டன் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று தையல்காரிகள் கரித்துக் கொட்டுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

போன வருஷம் இடப்பக்கம் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கதவு நிலை, பீரோ முனை, வாசலில் நிறுத்திய சைக்கிள்.

"கண்ணு ஒரு மாதிரியா இருக்கு அண்ணி. டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்றாள்.

நான்தான் வேண்டாம் என்றேன். கண்ணில் கோளாறு என்று கம்பெனிக்குத் தெரிந்தால் மேசையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர் இன்னொன்று.

"உடம்புல சத்து இல்லடி. அணில் மாதிரி கொறிச்சுட்டு எழுந்தா கண்ணு எப்படித் தெரியும்?"

அன்று தொடங்கியது. காலையில் கேரட் சாறு, மத்தியானம் கேரட் பொரியல், ராத்திரி கேரட்டோடு கீரை. எண்ணெய் சேர்ந்தால்தான் அதன் சத்து உடம்பில் ஒட்டும் என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் தாராளமாக விட்டு வதக்கினேன். முட்டை, மீன், பப்பாளி எதையும் விடவில்லை. "என்னை என்ன முயலாக்கப் போறீங்களா அண்ணி?" என்பாள், ஆனால் தட்டைக் காலி செய்துவிடுவாள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். அவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை, கடைசிச் சோதனையில் மாட்டினால் அவள் நம்பரோடு திரும்பி வரும். சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"இன்னிக்கு எத்தனை திரும்பி வந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணி."

எனக்குத் தலைகால் புரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். சட்டை அவள் முகத்துக்கு நேராகத்தான் இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. இடிப்பது மட்டும் நிற்கவில்லை. பார்த்து நடக்கத் தெரியாதா என்று அதற்கும் அவளையே திட்டினேன்.

பதினோராவது மாதம் வெள்ளைச் சட்டை ஒன்றை விரித்தபோது, மேற்பார்வைக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டார். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. காமாலை என்று பயந்து உடனே வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"காமாலை இல்லைம்மா. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. கேரட்டை அளவுக்கு மீறித் தின்னா தோல்ல இந்த நிறம் ஏறும், குறைச்சா போயிடும்," என்றார் டாக்டர். "எதுக்கு இவ்வளவு சாப்பிட்டீங்க?"

"கண்ணுக்கு. ஒரு வருஷமா இடப்பக்கம் இடிச்சுக்கிட்டே இருக்கேன்," என்றாள்.

அவர் முகம் மாறியது. அப்போதே மாடியில் இருந்த கண் டாக்டரிடம் அனுப்பினார். அங்கே ஒரு கருவியில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் அவள் விரல் அசையவே இல்லை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கு," என்றார் கண் டாக்டர். "இடது கண்ல ஓரப் பார்வை பூரா போயிடுச்சு. வலதுலயும் ஆரம்பம். போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம். கீரை, மீன் எல்லாம் கண்ணுக்கு நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனா இந்த அழுத்தம் அதுல இறங்காது. இடிக்க ஆரம்பிச்சப்பவே ஏன் வரல?"



"வேலை இருந்துச்சு டாக்டர். லீவு கிடைக்கல," என்றாள் அவள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அழுதிருப்பேன். அழுகை வரவில்லை. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன், அவளுக்கு இடப்பக்கமாக நடந்தேன். படி இறங்கி வாசலுக்கு வந்தோம்.

அவள் நின்று வலப்பக்கம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

நான் அவள் இடது தோளுக்கு ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.