பலகையைத் துடைக்கும் முன்

லூர்தக்காவை நான் முதன்முதலில் பார்த்தது தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில், ஒரு ஷேர் ஆட்டோவுக்குள். இன்னும் ஓர் ஆள் ஏறினால்தான் வண்டியை எடுப்பேன் என்று டிரைவர் வெளியே நின்று கூவிக்கொண்டிருந்தார். சாகண் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு நான் ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"தமிழா தம்பி? இன்னா படிச்சிருக்க?"

"பி.இ. மெக்கானிக்கல்க்கா."

அரியலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குச் சலிக்காது.

"அப்ப இது உனக்குத் தெரியும்," என்று தன் போனை நீட்டினார். திரையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. எட்டாம் வகுப்புக் கணக்கு.

"மைனஸும் மைனஸும் பெருக்குனா பிளஸ்ஸாம். ரெண்டு கெட்டது சேர்ந்தா எப்படி தம்பி நல்லதாவும்? எங்க வூட்ல ஒரு நாளும் அப்படி ஆனதில்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பி நின்னுக்கிட்டுப் பின்னால நடங்க. எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டேன். இறங்கும் இடம் வந்ததும், சந்து முனையில், மீன்காரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் திரும்பி நின்று பின்னாலேயே நாலு எட்டு வைத்தார். "அரே, முன்னாலதான் போறேன்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் குடியிருந்ததும் அதே சந்துதான்.

அவர் ஓர் ஆங்கிலப் பள்ளியில் மாவ்ஷி. மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி. பள்ளியில் பெருக்கித் துடைக்கிற பெண்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே பட்டாளத்து வேலைக்கு வந்த குடும்பம். கணவர் ஆர்தர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வழியில்தான். ஒரே மகள் டானியா. அம்மா வேலை பார்க்கிற பள்ளியிலேயே படித்தாள். ஏழாம் வகுப்பின் நடுவில், மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டி விழுந்தாள். அதற்குப் பிறகு அவளால் பள்ளிக்குப் போக முடியவில்லை. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு.

முதல் மாதம் தோழிகள் நோட்டுகளைக் கொடுத்தனுப்பினார்கள். அப்புறம் அவர்களுக்குப் பரீட்சை வந்தது, ஸ்போர்ட்ஸ் டே வந்தது, மறந்துபோனார்கள். அப்போதுதான் லூர்தக்கா ஒரு வழியைக் கண்டுபிடித்தார். மேல்மாடி வகுப்புகளின் பலகைகளைத் துடைப்பது அவர் வேலை. ஒவ்வொரு பீரியடு முடிந்து டீச்சர் வெளியே போனதும் ஓடிப் போய் ஒரு படம் எடுப்பார். அப்புறம்தான் டஸ்டர்.

படத்தை நேராக மகளிடம் காட்டிவிட மாட்டார். "நீ எனக்குச் சொல்லு, நான் அவளுக்குச் சொல்றேன்," என்றார். அவர் படித்தது ஐந்தாவது வரை. மாலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் நிற்பார். அங்கிருந்து சந்து வரை வரும் ஆட்டோவில்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. மஞ்சள் பட்ட துணியில் சோப்பு போட்டால் ஏன் சிவக்கிறது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் பார்த்திருந்தார். காரம், அமிலம் என்ற பேர்கள்தான் புதிது. பூமிக்குள் நெருப்பு இருக்கிறது என்றதும் சிலுவை போட்டுக்கொண்டார். சுதந்திரப் போராட்டப் பாடம் நடத்தும்போது, "இவ்ளோ பேரை ஜெயில்ல போட்டானே, அந்தப் பொண்டாட்டிங்கல்லாம் இன்னா பண்ணாங்கன்னு டீச்சர் எழுதவே இல்ல," என்றார். சூரியன் கிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் முதலில் உதித்துத் துவாரகைக்குக் கடைசியில் வருகிறது, ஆனால் நாடு முழுக்க ஒரே மணிதான் என்ற பாடம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை மகளுக்கு ஒரு தட்டும் ஒரு டார்ச்சும் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். டானியா தலையணையில் சாய்ந்து, "மம்மி, பம்பாய்ல எத்தனை மணி?" என்று வேண்டுமென்றே மடக்கினாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், ஆட்டோ கிடைக்காமல் நடந்து வந்தபோது, லூர்தக்கா என்னிடம் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஹார்ட்ல ஓட்டையாம், அடைக்க முடியாதாம் தம்பி. கைக்குழந்தையா இருக்கச் சொல்லவே அடைச்சிருக்கணுமாம். அப்ப எங்களுக்குத் தெரியல. இப்ப நுரையீரலும் கெட்டுப்போச்சு, தொட்டா உசுரு போயிடும்னுட்டாங்க."

"அவளுக்குத் தெரியுமாக்கா?"

"எட்டாவது முடிச்சதும் ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ்ளோ வளரணும்னு டாக்டர் சொன்னதா. ஏழாவது படிக்கச் சொல்லக் கேட்டா. எட்டாவது ரொம்ப தூரத்துல இருந்திச்சு, சொல்லிட்டேன்."

டானியா ஒரு பாடத்தையும் விடாமல் கேட்டு வாங்கியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அவள் ஆபரேஷனுக்கு அருகில் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பாடங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்மாதான்.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டேஷன் வாசலில் லூர்தக்காவின் முகம் சரியில்லை. போனை நீட்டவில்லை.

"சயின்ஸ் டீச்சர் இன்னிக்கு ஹார்ட்டு வரைஞ்சாங்க தம்பி. செவப்பு சாக்பீஸ்ல பாதி, நீலத்துல பாதி. நடுவுல சுவரு. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. நான் வெளிய நின்னு கேட்டேன். படம் எடுக்கல. துடைச்சிட்டேன்."

"டானியாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"டீச்சர் லீவுன்னு."

"அக்கா, புஸ்தகத்துல இருக்குமே."

அவர் நின்றுவிட்டார். அந்தப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டதும், லேபிளில் மகள் பேரை எழுதி ஒட்டியதும் அவர்தான். ஆனாலும் அது அவருக்குத் தோன்றவே இல்லை. "டீச்சர் நடத்தாம பாடம் எப்படி தம்பி வரும்?" என்று கேட்டார். எனக்கு இது புதிதில்லை. டீச்சர் வராத நாளில் நான் புத்தகத்தைத் திறந்தால், "இன்னைக்கிதான் பாடமில்லையே, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிற?" என்பாள் என் அம்மா. புத்தகம் வீட்டில் இல்லாமல் வளர்ந்தவர்களுக்குப் பாடம் என்றால் பலகையில் இருப்பதுதான். துடைத்துவிட்டால் போய்விடும்.

"கிழிச்சிடட்டுமா?"

"முதல் பக்கத்துல பாடத்து பேரெல்லாம் இருக்கும்க்கா."

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "அப்ப எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடு. ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வா," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அடுப்படி வாசலில் வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாலு அறை, நடுச்சுவர், ஒருபக்கம் திறக்கிற கதவுகள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். சாப்பிட்டு முடித்து நான் கை கழுவி வந்தபோது டானியா கேட்டாள்.

"மம்மி, ஹார்ட் சாப்டர் போட்டோ எங்க?"

"டீச்சர் லீவு."

"ஜூட் நை, மம்மி, பொய் சொல்லாத. நான் அத ஜூன்லயே படிச்சிட்டேன். புக் வந்த அன்னிக்கே."

லூர்தக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"படிச்சிட்டு?"

"நெயில் ஏன் புளூவா இருக்குன்னு தெரிஞ்சுது. ஆஸ்பிட்டல்ல அந்த நர்ஸ்கிட்ட கேட்டேன், ஓட்டைன்னா தைக்கலாம்ல, ஏன் தைக்கலன்னு. அவங்க என் தலைய தடவிட்டுப் போயிட்டாங்க."

"தெரிஞ்சும் ஏண்டி என்னைத் தினம் பாடம் எடுத்துனு வரச் சொன்ன?"

"அப்ப மட்டும்தான் நீ என் முகத்தப் பாக்கற. மத்த நேரம் என் நெயிலயே பாக்கற."

நான் செருப்பைத் தேடினேன். "நீ உக்காரு தம்பி, தப்பா சொன்னா திருத்து," என்றார் லூர்தக்கா. பிறகு மகளின் வலது கையை எடுத்தார்.

"கையை மூடு. அவ்ளோதான் இருக்கும், உன்னோடது. உன் கை வளர வளர அதுவும் வளரும்." மூடிய கையின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது சுவரு. இந்தப் பக்கம் கெட்ட ரத்தம் வரும். நுரையீரலுக்குப் போயி நல்லதாயி, அந்தப் பக்கமா வந்து உடம்பெல்லாம் போவும். சுவரு இருக்கறதால ரெண்டும் கலக்காது."

அங்கே நின்றுவிட்டார்.

"சொல்லு மம்மி. சுவத்துல?"

"ஓட்டை."

"அப்புறம்?"

"அடைக்க முடியாதுமா."

"எட்டாவதுக்கு அப்புறமும்?"

"எட்டாவதுக்கு அப்புறமும்."

வெளியே யாரோ தண்ணீர் டாங்கர் வந்துவிட்டது என்று இந்தியில் கூவிக்கொண்டு ஓடினார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் எழுந்து குடத்தை எடுக்கவில்லை. டானியா மூடிய கையைத் திறக்காமல் அம்மாவின் மடியில் வைத்திருந்தாள். "சரி. நாளைக்கு மேத்ஸ்தானே?" என்றாள்.

திங்களன்று மாலை லூர்தக்கா ஸ்டேஷன் வாசலில் நின்றார். போனில் இணைகோடுகள்.

கிறிஸ்துமஸ் கழிந்து, பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது டானியா இறந்துபோனாள். ஆர்தர் நாக்பூரிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம் செய்தார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது, பூகோளத்தில் இரண்டு பாடமும் மராத்தியில் ஒரு செய்யுளும் மீதி இருந்ததாக லூர்தக்கா சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு மதியம், தொழிற்சாலையில் இருந்தபோது, என் போனுக்கு ஒரு படம் வந்தது. எட்டாம் வகுப்பின் பலகை. போர்ஷன் முடிந்தது, எல்லாரும் நன்றாக எழுதுங்கள் என்று கணக்கு டீச்சர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். லூர்தக்கா அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. அனுப்பியிருந்தார், அவ்வளவுதான்.

லூர்தக்கா இப்போதும் அதே பள்ளியில் மாவ்ஷியாக இருக்கிறார். மேல்மாடி வேண்டாம் என்று கேட்டு வாங்கி, கீழே சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்தர் லாரி ஓட்டுகிறார். தேஹு ரோடில் அதே சந்தில், அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.